எம்.ஏ., பி.ஏ., எம்.பி.பி.எஸ்.: மருந்துச் சீட்டில் யார் கையெழுத்து?

பிசிஷியன் அசோசியேட் (பி.ஏ., அதாவது டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பவர்) ஆகலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம்: மலேசியாவில் அந்தப் பெயரில் வேலை கிடையாது. ஆனால் அதற்கு மிக நெருக்கமான வேலை நம்மிடம் வெகு காலமாக இருக்கிறது. பெயர்ப்பலகையில் பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், அதாவது உதவி மருத்துவ அதிகாரி. வார்டில் எல்லாருக்கும் 'எம்.ஏ.' (மெடிக்கல் அசிஸ்டன்ட்). தாத்தா காலத்துத் தோட்டத்தில் டிரெசர் இருந்தாரே, அவருடைய வாரிசுதான். ஆக, முன்னால் இருக்கும் வழி மூன்று: இங்கேயே எம்.ஏ., வெளிநாட்டில் பி.ஏ., அல்லது கடனை உடனை வாங்கியாவது எம்.பி.பி.எஸ்.

எம்.ஏ.வுக்கு எஸ்.பி.எம். முடித்தபின் மூன்று வருட டிப்ளோமா. பேராக் உலு கிந்தாவில் இருப்பது போன்ற சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களிலும் தனியார் கல்லூரிகளிலும் படிக்கலாம். இவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1977இலேயே வந்துவிட்டது. பிரிட்டனில் பி.ஏ.க்களின் பதிவு தொடங்கியதோ 2024 டிசம்பரில்! இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரனைவிட நாம் அரை நூற்றாண்டு முந்தி.

வேலை எப்படி இருக்கும் என்று தெரிய, பினாங்கு ஜி.எச். அவசரப் பிரிவு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். உள்ளே வருபவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் எம்.ஏ.தான். ஒரு பாட்டி வருகிறார். "நெஞ்சுல காத்து அடைச்ச மாதிரி இருக்கு தம்பி" என்கிறார். நெற்றியெல்லாம் வியர்வை. வாய்வு என்று நினைத்து வரிசையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எம்.ஏ.வுக்குத் தெரியும். உடனே சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போய் இ.சி.ஜி. அடுத்தவரிடம் மலாய், அதற்கடுத்த அங்கிளிடம் தெரிந்த நாலு வார்த்தை ஹொக்கியன். ஆம்புலன்ஸ், மாவுக்கட்டு, டயாலிசிஸ், கிளினிக் என்று வேலை பரந்து கிடக்கிறது. பிடித்த துறையில் போஸ்ட் பேசிக் (டிப்ளோமாவுக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) படிக்கவும் வழி உண்டு.

மருந்து எழுதலாமா? எழுதலாம், அளவோடு. அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எழுத்து இருக்கும். ஏ என்றால் நிபுணர், பி என்றால் மருத்துவ அதிகாரி, சி வரிசைதான் எம்.ஏ. போன்றவர்களுக்கு. அங்கேதான் உச்சவரம்பும் இருக்கிறது. இருபது வருடம் அனுபவமுள்ள எம்.ஏ., பி வரிசை மருந்துக்கு நேற்று வந்த இளம் டாக்டரைத் தேடிப் போகவேண்டும். சொந்தமாகக் கிளினிக் திறக்கவும் முடியாது. இது மனதை அரிக்கும் என்று தோன்றினால் இந்த வழிக்கு வராதீர்கள். எம்.ஏ. படிப்பு, டாக்டர் படிப்பின் பாதி வழி அல்ல.

சரி, பிரிட்டன்? முதலில் ஒரு பட்டம், அதன்மேல் இரண்டு வருடப் படிப்பு. இவ்வளவுக்குப் பிறகும் பி.ஏ. மருந்து எழுத முடியாது, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்கும் உத்தரவிட முடியாது. நம் எம்.ஏ.வின் சி வரிசை அளவுக்குக்கூட அங்கே பேனா ஓடாது. போதாததற்கு, பி.ஏ.க்களைப் பற்றி அரசு கேட்டு வாங்கி 2025 ஜூலையில் வெளிவந்த லெங் ஆய்வறிக்கை, பெயரில் இருக்கும் 'அசோசியேட்' போய் 'அசிஸ்டன்ட்' வரட்டும், நோய் இன்னதென்று தெரியாத நோயாளிகளைத் தரம்பிரிக்காமல் இவர்களிடம் அனுப்பக் கூடாது, புதியவர்கள் இரண்டு வருடமாவது மருத்துவமனையில் இருந்துவிட்டுத்தான் குடும்ப மருத்துவர் கிளினிக்குக்குப் போகவேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. அந்தக் கிளினிக்குகளில் பி.ஏ.க்கள் வேலை செய்வதற்கே குடும்ப மருத்துவர்களின் ராயல் கல்லூரி முந்தைய வருடமே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. சொந்த ஊரிலேயே இப்படி இழுபறியில் இருக்கும் வேலைக்கு, பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து வீட்டை அடகு வைத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் இந்தத் தொழில் பிறந்தது. இன்று எல்லா மாநிலங்களிலும் அவர்களால் மருந்து எழுத முடியும். ஆனால் அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்தான் தேசியத் தேர்வே எழுதலாம். லண்டனில் பி.ஏ. படித்துவிட்டு நியூயார்க் போய்விடலாம் என்ற கணக்கு உதவாது.

எம்.பி.பி.எஸ். பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வருடம் படிப்பு, இரண்டு வருடம் ஹவுஸ்மேன்ஷிப் என்னும் மருத்துவமனைப் பயிற்சி. 2016 டிசம்பரிலிருந்து புதியவர்களுக்கு ஒப்பந்த வேலைதான். 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் ஹர்த்தால் செய்ததும் அதனால்தான். இருந்தாலும் நிபுணராக வேண்டுமென்றால் வேறு குறுக்கு வழி இல்லை.

பதினெட்டு வயதில், பினாங்கில், நோயாளிகள் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற ஆசையோடு வருபவருக்கு நான் எம்.ஏ.வைத்தான் சொல்வேன். போஸ்டிங் சபா, சரவாக்கிலும் விழலாம், அதற்கும் தயாராக இருக்கவேண்டும். ஏற்கெனவே பயோமெடிக்கல் பட்டம் வைத்துக்கொண்டு பிரிட்டன்தான் என்று அடம்பிடிப்பவர், முன்பணம் கட்டுமுன் கல்லூரியிடம் கேட்கவேண்டியது இரண்டு: போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் விசா தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர்? பதில் எழுத்தில் வரட்டும்.