தருமபுரியா, தர்மபுரியா? நூலகப் பதிவை யார் சரிபார்ப்பது

நூலகத்தின் புத்தகப் பட்டியலில் ஊர்ப்பெயரை ஒருவர் 'தருமபுரி' என்றும் இன்னொருவர் 'தர்மபுரி' என்றும் பதிந்துவிட்டால், அலமாரியில் இருக்கிற புத்தகம் தேடலில் கிடைக்காமல் போகும். இதுபோன்ற பிழைகளைப் பிடிக்க மூன்று வழிகள் உண்டு: மென்பொருள் சோதிப்பது, மேலதிகாரி நூற்றுக்குப் பத்தை எடுத்துப் பார்ப்பது, சக நூலகர் பார்ப்பது. என் ஓட்டு மூன்றாவதுக்கு.

மென்பொருள் தேவைதான். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணின் 13 இலக்கங்களில் ஒன்று தவறினாலும் கணக்கு இடிக்கும், உடனே தெரிந்துவிடும். ஆனால் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூயி பகுப்பில் தமிழ்க் கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113. கவிதைத் தொகுப்புக்குப் புனைகதை எண்ணைப் போட்டால் மென்பொருள் மறுக்காது. அந்த எண்ணும் சரியான எண்தானே.

மேலதிகாரி பார்ப்பது வேலையின் பொதுவான தரத்தை அறிய உதவும், அவ்வளவுதான். 100 பதிவுகளில் ஒரே பிழை இருந்தால், பத்தை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அது படாமல் போக 90 சதவீத வாய்ப்பு.

சக நூலகரின் பலம் உள்ளூர் நூல்களில் தெரியும். தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே 1980களில் வந்த 'தருமபுரி மாவட்ட' வரலாற்று நூலில் ஓசூர், ஊத்தங்கரைச் செய்திகளும் இருக்கும். நூல் எதைப் பற்றியது என்று பதிவில் குறிக்கும் பொருள் தலைப்பில் தருமபுரி மட்டும் இருந்தால் கிருஷ்ணகிரி மாணவருக்கு அது எட்டாது. "அண்ணே, கிருஷ்ணகிரியும் சேருங்க, தருமபுரியோட பழைய பேரு தகடூரும் போடுங்க" என்று சொல்ல அந்தப் பக்கத்து ஆள் வேண்டும்.

சிக்கலும் உண்டு. ஊர்ப்புற நூலகங்கள் பலவற்றில் ஒருவர்தான் பணியில் இருப்பார். அதனால் பாலக்கோடும் காவேரிப்பட்டணமும் போல இரண்டிரண்டு ஊர்களை இணைக்கலாம். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். புத்தகத்தைப் பார்க்காமல் பதிவை மட்டும் பார்ப்பது வீண். மூத்தவரின் பதிவைத் திருத்த இளையவர் தயங்குவார். சரி, அவர் கை வைக்க வேண்டாம். காரணத்தை எழுதி அனுப்பட்டும், பதிந்தவரே மாற்றட்டும்.

எல்லாப் புத்தகத்துக்கும் இது வேண்டியதில்லை. ஏற்கெனவே நல்ல பதிவு உள்ள நாவலின் மறு அச்சுக்கு மென்பொருள் போதும். உள்ளூர் வரலாறு, ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய நூல், புனைபெயரில் எழுதியவர் நூல், இந்த மூன்றும் இன்னொருவர் பார்க்காமல் பட்டியலுக்குள் போகக் கூடாது.