மாம்பழத்தை வகை பிரிக்கும் மொடலுக்கு எந்த லொஸ்?

படத்தைப் பார்த்து இது கறுத்தக்கொழும்பானா, விளாட்டா, அம்பலவியா, செம்பாட்டானா என்று சொல்லும் மொடல் ஒன்றை யாழ்ப்பாணத்தில் ஒரு மாணவர் செய்கிறார் என்று வையுங்கள். அது எவ்வளவு பிழை விடுகிறது என்பதை எதை வைத்து அளப்பது? அந்த அளவைத்தான் லொஸ் என்கிறோம்.

முதலில் கைக்கு வருவது ஸீரோ-வன் லொஸ். நூறு படத்தில் எட்டுப் பிழை என்றால் 0.08, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பழம் விற்பவருக்கும் விளங்கும். ஆனால் இதை வைத்து மொடலைப் பழக்க ஏலாது. மொடலின் எடைகளை, அதாவது பழகும்போது மாறும் உள் எண்களை, சற்று அசைத்தால் விடை பெரும்பாலும் மாறாது. பிழையும் அப்படியே நிற்கும். எடையை அசைக்கும்போது லொஸ் எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் கிரேடியன்ட் பூச்சியம் என்றால் எந்தப் பக்கம் நகர்வது?

இன்னொரு குறைதான் எனக்குப் பெரிது. கறுத்தக்கொழும்பான் படம் ஒன்றை இரண்டு மொடல்களும் செம்பாட்டான் என்கின்றன. ஒன்று தயங்குகிறது: செம்பாட்டானுக்கு நிகழ்தகவு 0.45, சரியான விடைக்கு 0.40. மற்றது அடித்துச் சொல்கிறது: 0.98, சரியான விடைக்கு வெறும் 0.01. ஸீரோ-வன் லொஸ்ஸுக்கு இரண்டும் ஒன்றே. சரியான விடைக்குக் கொடுத்த நிகழ்தகவின் இயற்கை மடக்கையை எதிர்க்குறியோடு எடுக்கும் லொக் லொஸ்ஸோ தயங்கியதற்கு 0.92, அடித்துச் சொன்னதற்கு 4.61 போடுகிறது. மொடல் உறுதியாகச் சொல்லாத பழத்தை ஆள் ஒருவர் பார்க்கட்டும் என்று ஒதுக்க நினைத்தால் இந்த வித்தியாசம்தான் முக்கியம். அதனால் பழக்குவதற்கு என் தெரிவு லொக் லொஸ்தான்.

மொடல் செய்ய உதவும் பைடோர்ச் என்ற மென்பொருளில் அதன் பெயர் குரொஸ் என்ட்ரோபி லொஸ். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மொடல் தரும் எண்களை நிகழ்தகவாக மாற்றும் சொஃப்ட்மேக்ஸை அது தானே உள்ளே போட்டுக்கொள்ளும். லாஜிட்டை, அதாவது மாற்றாத அந்த எண்களை, அப்படியே கொடுக்க வேண்டும். மொடலின் கடைசியில் நீங்களும் ஒரு சொஃப்ட்மேக்ஸ் வைத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, ஓடும். ஆனால் நாலு வகை என்றால் எல்லா விடையும் சரியாக இருந்தாலும் லொஸ் 0.74க்குக் கீழே இறங்காது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 1.39 வரும் என்பதால், 0.8ஐப் பார்த்து "பரவாயில்லை, பழகுது" என்று நம்பிவிடுவோம். உங்கள் லொஸ் அந்த இடத்தில் சிக்கி நின்றால் முதலில் மொடலின் கடைசி லேயரை (அடுக்கை) திறந்து பாருங்கள்.

லொக் லொஸ்ஸுக்கும் ஒரு பலவீனம் உண்டு. யாரோ அம்பலவிப் படத்துக்கு விளாட்டு என்று பெயர் போட்டுவிட்டால், சரியாகச் சொன்ன மொடலுக்கு அந்த ஒரு படமே பெரிய தண்டம். 1950இல் வந்த பிரையர் ஸ்கோர், அதாவது நிகழ்தகவுக்கும் உண்மை விடைக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம், அப்படித் துள்ளாது. நாலு வகையையும் கூட்டினாலும் ஒரு படத்துக்கு உச்சம் 2. மேலே சொன்ன இரண்டு மொடல்களுக்கும் அது ஏறத்தாழ 0.58, 1.94. படங்களுக்குப் போட்ட பெயர்களில் (லேபல்களில்) நம்பிக்கை இல்லாதபோது இதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஹிஞ்ச் லொஸ், வகைகளுக்கு நடுவே இயன்றளவு இடைவெளி விட்டுப் பிரிக்கும் எஸ்விஎம் முறைக்காரருக்கு. சரியான பக்கத்தில் போதிய இடைவெளியோடு விழுந்துவிட்டால் பூச்சியம் தந்து விட்டுவிடும். நிகழ்தகவு கிடைக்காது. விடை மட்டும் போதுமென்றால் சரி, நமக்கு உதவாது.

அப்புறம், கறுத்தக்கொழும்பான் படம் குவிந்து கிடந்து அம்பலவி கொஞ்சமே இருந்தால், குரொஸ் என்ட்ரோபியில் வகைக்கு வகை எடை கொடுக்கலாம், அதாவது குறைந்த வகையில் விடும் பிழையைக் கூட்டிக் கணக்கிடலாம். கொடுத்தால் மொடல் தரும் நிகழ்தகவுகள் குறைந்த வகைப் பக்கம் சாயும். ஆகவே சோதனைப் படங்களில் எடை இல்லாத லொக் லொஸ்ஸையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.