இயர் 9, கிரேடு 8, எஸ்2: எந்தப் பெயர் தெளிவு?

ஒரு நாட்டில் படித்த பிள்ளையை இன்னொரு நாட்டுப் பள்ளியில் சேர்க்கப்போனால் வகுப்பின் பெயரே முதலில் குழப்புகிறது. விட்டுப்போன பாடத்தைப் பிறகு படித்துப் பிடித்துவிடலாம். தவறான வகுப்பில் சேர்த்துவிட்டால் ஒரு வருடம் வீணாகும். அதனால் இந்தப் பெயர் முறைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம் என்றே நினைக்கிறேன்.

அதிகம் புழங்குவது தொடர் எண்தான். அமெரிக்காவில் கிரேடு 1 முதல் 12 வரை, இந்தியாவில் வகுப்பு 1 முதல் 12 வரை, இலங்கையில் தரம் 1 முதல் 13 வரை, இங்கிலாந்தில் இயர் 1 முதல் 13 வரை. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். இங்கிலாந்துப் பிள்ளை நான்கு வயதில் ‘ரிசப்ஷன்’ என்ற தொடக்க வகுப்பில் சேர்ந்து, ஐந்து வயதில் இயர் 1-க்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் அந்த ஐந்து வயதுக்கு கிண்டர்கார்டன். ஆறு வயதில்தான் கிரேடு 1. ஆக, இயர் 9 பிள்ளைக்கு அங்கே சரியான இடம் கிரேடு 8.

ஆஸ்திரேலியாவில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கேயும் ‘இயர்’ என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் கணக்கு ஏறக்குறைய அமெரிக்கக் கணக்கு. இயர் 1-க்கு முந்தைய வகுப்புக்கு மாநிலத்துக்கு ஒரு பெயர் வேறு: நியூ சவுத் வேல்ஸில் கிண்டர்கார்டன், விக்டோரியாவில் பிரெப், தெற்கு ஆஸ்திரேலியாவில் ரிசப்ஷன்.

இரண்டாவது முறையில், ஒவ்வொரு கட்டத்திலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஸ்காட்லாந்தில் தொடக்கப் பள்ளிக்கு பி1 முதல் பி7, உயர்நிலைக்கு எஸ்1 முதல் எஸ்6. ஜப்பானில் ஆறு, மூன்று, மூன்று என்று மூன்று கட்டங்கள். இதில் கட்டத்தைச் சொல்லாமல் வெறும் ‘இரண்டாம் ஆண்டு’ என்றால் ஏழு வயதா, பதின்மூன்றா, பதினாறா என்று தெரியாது. கட்டத்தைச் சேர்த்துச் சொன்னாலோ, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பது உடனே விளங்கிவிடும்.

பிரான்ஸ் தலைகீழாக எண்ணுகிறது. பதினோரு வயதில் ‘ஆறாவது’, அடுத்து ஐந்தாவது, நான்காவது என்று இறங்கி, ‘முதலாவது’க்குப் பிறகு ‘தெர்மினால்’ என்ற கடைசி வகுப்பு. பள்ளி முடிய இன்னும் எத்தனை வருடம் என்று அந்த எண்ணே சொல்லிவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் தொடக்கப் பள்ளியில் இந்த எண்ணிக்கை கிடையாது. அங்கே சேபே, சேஎ1, சேஎம்2 என்று எழுத்துச் சுருக்கங்கள்தான்.

சரி, பல்கலைக்கழகம்? அமெரிக்காவில் முதல் வருடத்திலிருந்து வரிசையாக ஃப்ரெஷ்மேன், சாஃபமோர், ஜூனியர், சீனியர். இதே நான்கும் உயர்நிலைப் பள்ளியின் 9 முதல் 12 வரைக்கும் உண்டு என்பதால், ‘ஜூனியர்’ என்றால் பள்ளியா கல்லூரியா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, பல கல்லூரிகளில் கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு) எண்ணிக்கைதான் நிலையைத் தீர்மானிக்கிறது. சேர்ந்து இரண்டாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தாலும் கிரெடிட் போதவில்லை என்றால் இன்னும் ஃப்ரெஷ்மேன்தான்.

ஜெர்மனியில் வருடத்தை விட்டுவிட்டு செமஸ்டரை எண்ணுகிறார்கள், அதையும் இரண்டு விதமாக: இந்தப் பாடத்தில் எத்தனையாவது செமஸ்டர், பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து மொத்தம் எத்தனை. பாடம் மாற்றியவருக்கு முதல் எண் ஒன்றிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது தொடர்ந்து ஏறும். மாணவரின் பாதையை மறைக்காமல் காட்டுகிற முறை இது. இங்கிலாந்தில் மூன்று வருடப் பட்டமும் ஸ்காட்லாந்தில் நான்கு வருட ஆனர்ஸும் இருக்கும்போது, வெறும் ‘இரண்டாம் ஆண்டு’ என்பதை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்?

என் ஓட்டு பிரெஞ்சுப் பல்கலைக்கழக முறைக்கு. இளநிலைக்கு எல்1, எல்2, எல்3, பிறகு முதுநிலைக்கு எம்1, எம்2. இளநிலையா முதுநிலையா, எத்தனையாவது வருடம் என்ற இரண்டும் ஓர் எழுத்திலும் ஓர் எண்ணிலும் அடங்கிவிடுகின்றன. பள்ளிக்கு ஸ்காட்லாந்து முறை இதே காரணத்தால் நல்லது.

நாடு மாறுகிறவர்கள் விண்ணப்பத்தில் பழைய வகுப்புப் பெயரோடு நிறுத்த வேண்டாம். பிறந்த தேதி, முதல் வகுப்பிலிருந்து முடித்த வருடங்கள், பள்ளி இறுதித் தேர்வுக்கு மீதமுள்ள வருடங்கள் ஆகிய மூன்றையும் கூடவே எழுதுங்கள்.