டெர்மினலிலிருந்து ஓர் இணைப்பு: டெர்ம்பினா, ஜிஸ்ட்டா?

சுங்கை சிப்புட் பக்கம் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் பழகும் பிள்ளைகள், பிழைச் செய்தி வந்தால் கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புகிறார்கள். பாதி வரி படத்துக்கு வெளியே போயிருக்கும். இருப்பதையும் நகலெடுத்துத் தேட முடியாது. கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலிலேயே ஒரு வரி தட்டி, வெளியீட்டை இணையத்தில் ஏற்றி, இணைப்பை மட்டும் அனுப்பினால் உதவுகிறவருக்கு எவ்வளவு எளிது!

புதிதாகக் கற்பவருக்கு நான் முதலில் சொல்வது, அனுப்பிய எழுத்தை வைத்துக்கொண்டு இணைப்பு தரும் இணையச் சேவையான டெர்ம்பின்தான். கணக்கு வேண்டாம், உலாவியும் வேண்டாம். வெளியீட்டைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தரும் | குறி) வழியாக, வலையமைப்பில் தரவை அனுப்பும் நெட்கேட் என்ற கட்டளைக்குக் கொடுத்து, டெர்ம்பின் முகவரியையும் 9999 என்ற போர்ட் (இணைப்பு வாயில்) எண்ணையும் சேர்த்தால் அடுத்த வரியில் இணைப்பு வந்துவிடும். வரைகலைத் திரை ஏறாமல் கறுப்புத் திரையில் நிற்கும் கணினிக்கு இதுவே கைகொடுக்கும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பைப் வழியாகச் சாதாரண வெளியீடு மட்டுமே போகும். பிழைச் செய்தி தனிப் பாதையில் திரைக்கு வந்துவிடும். கட்டளைக்குப் பின், பைப் குறிக்கு முன் 2>&1 என்று சேர்த்தால்தான் இரண்டும் ஒன்றாகப் போகும். சேர்க்காவிட்டால், உதவி கேட்ட செய்தியே இணைப்பில் இருக்காது.

டெர்ம்பினில் ஏற்றியது ஒரு மாதம் இருக்கும். அதற்குள் நாமே அழிக்கக் கட்டளை இல்லை. நெட்கேட் வழியாகப் போவது குறியாக்கம் இல்லாத வெறும் எழுத்து. பள்ளி, அலுவலக வலையமைப்புகளில் 9999 அடைபட்டிருக்கவும் கூடும்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், சிறு எழுத்துத் துண்டுகளைப் பகிர உதவும் ஜிஸ்ட் இதற்கு நேர்மாறு. கணக்குத் திறந்து, கிட்ஹப்பின் கட்டளைவரிக் கருவியை நிறுவி, உள்நுழைய வேண்டும். பிழைச் செய்தியோடு தவிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், ஒருவர் எழுதிய நிரலை நண்பர்கள் மாதக்கணக்கில் பார்க்கப் போகிறார்கள் என்றால் ஜிஸ்ட்டை விட்டு வேறெதையும் நாட மாட்டேன். திருத்தலாம், பழைய வடிவங்களைப் பார்க்கலாம், வேண்டாமென்றால் அழிக்கலாம்.

கருவி உருவாக்கும் ஜிஸ்ட், நாம் வேறு சொல்லாதவரை, இரகசிய வகைதான். அதை நம்பி ஏமாறாதீர்கள்: தேடலில் வராதே தவிர, இணைப்பு கிடைத்தவர் எவரும் படிக்கலாம். வைஃபை அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் அப்படியே எழுத்தாக இருக்கலாம். ஏற்றுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். தப்பித்தவறி ஏற்றிவிட்டால் இணைப்பை அழிப்பது போதாது. முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.