சைக்கோவா, தி இன்னொசன்ட்ஸா?

பழைய கறுப்பு வெள்ளைத் திகில் படம் ஒன்று போடச் சொன்னார்கள் நண்பர்கள். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960), ஜாக் கிளேட்டனின் 'தி இன்னொசன்ட்ஸ்' (1961) இரண்டும் மனதில் வந்தன. இரண்டாவதைத்தான் போட்டேன். ஏன் என்று சொல்ல இரண்டின் முடிவையும் உடைத்தாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

விறுவிறுப்பு என்று பார்த்தால் சைக்கோதான், பேச்சே இல்லை. பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துச் செய்த இசைக்கு இன்றுவரை வயதாகவில்லை. நடிப்பில் சைக்கோவின் ஆண்டனி பெர்கின்ஸும் இன்னொசன்ட்ஸின் டெபோரா கெர்ரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

எனக்கு முக்கியம் ஒன்றுதான்: முடிவு தெரிந்த பிறகு மறுபடி பார்த்தால் படம் தாங்குமா?

சைக்கோ பெரும்பகுதி தாங்கும். பெர்கின்ஸ் நடித்த விடுதிக்காரன் நார்மன், பிணம் வைத்த காரைச் சதுப்பில் தள்ளுகிறான். பாதி மூழ்கிய கார் சட்டென்று நின்றுவிடுகிறது. அவன் பதறிச் சுற்றும் முற்றும் பார்க்கிறான். 'ஐயோ, மூழ்கிவிட வேண்டுமே' என்று நமக்கும் அடித்துக்கொள்கிறது. கொலையை மறைப்பவன் பக்கம் நாம் எப்போது சாய்ந்தோம்? ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்குக் கூசும்.

ஆனால் கடைசியில் சைமன் ஓக்லண்ட் நடித்த மனநல மருத்துவர் வந்து விளக்குகிறார். நார்மன் பத்து வருடத்துக்கு முன் தாயையும் அவள் காதலனையும் கொன்றான், குற்றவுணர்வில் பிணத்தைத் திருடிப் பதப்படுத்தி வைத்தான், தன் மனதில் பாதியைத் தாய்க்குக் கொடுத்துவிட்டான், ஒரு பெண் மேல் ஆசை வந்தால் அந்தத் தாய்க்குப் பொறாமை. எல்லாம் பிசிறில்லாமல் பொருந்துகிறது. கோளாறே அதில்தான். இதுவரை நமக்குள்ளும் இருந்த நார்மன் இப்போது வெறும் நோயாளி. நமக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்லை, நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அடுத்த காட்சியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, தாயின் குரல் உள்ளே ஓட, கையில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாமல் அவன் சிரிக்கிறானே, அதுவே அத்தனையையும் சொல்லிவிடுகிறது. 1960இல் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. இன்று அது படத்தின் காற்றைப் பிடுங்கிவிடுகிறது.

தி இன்னொசன்ட்ஸ், ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வை வைத்து எடுத்தது. தனித்த பெரிய மாளிகை, தாய் தகப்பன் இல்லாத இரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் மிஸ் கிட்டன்ஸ். இறந்துபோன வேலைக்காரன் குவின்ட்டும், முன்பு அங்கே ஆசிரியையாக இருந்த மிஸ் ஜெஸலும் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். பேயா, இவள் மனப்பிரமையா?

படம் இரண்டுக்கும் சாட்சி வைக்கிறது, ஒன்றையும் திரும்பப் பெறுவதில்லை. பரணில் குவின்ட்டின் படத்தைப் பார்த்த பிறகுதான் ஜன்னலில் அந்த முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் கற்பனைதான் என்று தோன்றும். அப்புறம் பாட அறையில் மேசை முன் ஜெஸல் உட்கார்ந்து அழுகிறாள். கிட்டன்ஸ் நெருங்குவதற்குள் நாற்காலி காலி. மேசையில் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர், விரலில் ஈரம். பிரமை என்றால் அது எங்கிருந்து வந்தது? சரி, பேய்தான் என்று முடிவு கட்டினால், ஏரிக்கரையில் கூட இருக்கும் வீட்டு நிர்வாகி மிஸஸ் குரோஸுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. கடைசியில் சிறுவன் மைல்ஸ் கிட்டன்ஸின் கையிலேயே உயிரை விடுகிறான். எழுந்து நின்று விளக்க எந்த மருத்துவரும் வருவதில்லை.

முதல் முறை நான் கிட்டன்ஸை நம்பிப் பார்த்தேன். அடுத்த முறை குழந்தைகள் பக்கம் நின்று பார்த்தபோது அவளைக் கண்டுதான் பயம் வந்தது. அதே காட்சிகள், வேறு படம்.

குறையும் உண்டு. முதல் அரை மணி நேரம் மெதுவாகப் போகும், பொறுமை வேண்டும். இரண்டையும் நான் வீட்டுத் திரையில்தான் பார்த்திருக்கிறேன், அதனால் தியேட்டரில் எது மேல் என்று சொல்லத் தெரியாது. ஆனால் இன்னொசன்ட்ஸைப் போனில் மட்டும் பார்க்காதீர்கள். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் அகலத் திரையின் ஓரங்களை இருட்டாக்கி வைத்திருக்கிறார், சின்னத் திரையில் அந்த இருட்டே தெரியாது.