சாய்வு ட்ரைக்குக்கு ஏற்ற பம்பு: டோபீக் ரோட் மார்ஃப் ஜி

சாய்வு ட்ரைக், அதாவது சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள், வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் காற்றடிக்கும் பம்பைப் பற்றித்தான் பேசுவேன். ட்ரைக் நடுவழியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் பஞ்சர்தான் காரணம். அதை நாமே சரிசெய்து வீடு வந்து சேரலாம் என்ற தைரியம் இருந்தால்தான் வண்டியை வெளியே எடுக்கவே மனசு வரும். அந்தத் தைரியத்தை எனக்குக் கொடுத்தது டோபீக் கம்பெனியின் ரோட் மார்ஃப் ஜி. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். ட்ரைக் ஓட்டுகிறவருக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்று யாரும் தமிழில் எழுதி நான் பார்க்கவில்லை.

நான் இருப்பது அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரத்தில். உள்காதில் வந்த கோளாறுக்குப் பிறகு இரண்டு சக்கரத்தில் எனக்குச் சமநிலை நிற்பதில்லை. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் ட்ரைக் வந்த பிறகுதான் மறுபடி மிதிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரல் மூட்டுகளில் வாதமும் உண்டு. இதையெல்லாம் சொல்லக் காரணம், ஒரு பம்பு நல்லதா இல்லையா என்பதை நான் முடிவு செய்வது என் கையை வைத்துத்தான்.

இந்த ஊரைச் சுற்றி லூப் என்று ஒரு பாதை இருக்கிறது. 130 மைலுக்கு மேல் நீளம், கார் வராது, ரில்லிட்டோ, சான்ட்டா குரூஸ் ஆறுகளின் கரையோரமாகப் போகும். ஆறுகளில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான் இருக்கும். விடியற்காலையில் அந்தப் பாதையில் போவது போல ஒரு சுகம் வேறில்லை. ஆனால் பாதையின் இரண்டு ஓரமும் நெருஞ்சி படர்ந்து கிடக்கிறது. நம் ஊர்க் களத்து மேட்டில் படருமே, அதே நெருஞ்சி, அதே மஞ்சள் பூ. வெளியிலிருந்து வந்து இங்கே பரவிய களை இது. இதை ஒழிக்க 1961-ல் இரண்டு வகைக் கூன்வண்டுகளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அந்த வண்டுகளின் தாய்நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படியும் நெருஞ்சி ஒழியவில்லை.

நெருஞ்சிக்காய் முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள். தரையில் எப்படிக் கிடந்தாலும் ஒரு முள்ளாவது மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிளின் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே தடத்தில் ஓடுகின்றன. ட்ரைக்குக்கு மூன்று சக்கரம், மூன்று தடம். சைக்கிள்காரர் இடையில் புகுந்து தப்பிக்கிற இடத்தில் நம் சக்கரங்களில் ஏதாவது ஒன்று முள்ளில் ஏறிவிடும்.

சரி, பஞ்சர் ஆகிவிட்டது. இங்கேதான் ட்ரைக்கில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. முன்சக்கரம் இரண்டும் கார் சக்கரம் மாதிரி ஒரு பக்க அச்சில் மட்டும் மாட்டப்பட்டவை. வெளிப்பக்கம் எதுவும் இல்லாமல் திறந்து கிடக்கும். அதனால் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டிஸ்க் பிரேக்கைத் தொட வேண்டாம், ஒரு நட்டுகூடத் தளர்த்த வேண்டாம். நிறுத்தும் பிரேக்கை விடுவித்து, கொடிக்கம்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துவிட்டு, பஞ்சரான சக்கரம் மேலே வரும்படி வண்டியை மெதுவாக ஒருக்களிக்க வேண்டும். கண்ணாடி தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டயர் லீவரால் டயரை வெளிப்பக்கமாக நெம்பி, ட்யூபை உருவி, வேறு ட்யூபைப் போட்டால் முடிந்தது. சைக்கிளில் இந்த வேலைக்கு முன்னால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும்.

வேறு ட்யூப் போடும் முன்னால் டயரின் உள்பக்கம் முழுவதும் தடவிப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் விரலில் ஏறும், ஒரு பழைய பருத்தித் துணியால் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். ஒரு முள் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நெருஞ்சி தனியாக வருவது அபூர்வம். டயரை மாட்டும்போது அதில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி நான் மாட்டி வைத்திருக்கிறேன். ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் தேடினால் போதும்.

இதுவரை எல்லாம் சுலபம். காற்றடிப்பதில்தான் ட்ரைக் ஓட்டுகிறவர்கள் திணறுகிறோம். ட்ரைக்கின் முன்சக்கரம் 20 அங்குலம். சின்ன வளையத்துக்குள் ஸ்போக்ஸ் கம்பிகள் நெருக்கமாக இருக்கும், உள்பக்கம் பிரேக் தட்டும் அதன் பிடியும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குட்டி பம்புகளில் தலை பம்போடு ஒட்டியே இருக்கும். அதை வால்வில் மாட்டினால் பம்பின் உடம்பு கம்பியில் இடிக்கும். ஒரு கையால் தலையை அழுத்திப் பிடித்து மறு கையால் அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வால்வு ஆடும். முதலில் என்னிடம் இருந்த குட்டி பம்பு இப்படித்தான் ஆட்டி ஆட்டி, புது ட்யூபின் வால்வை அடியோடு கிழித்தது. அத்தோடு அதை ஒதுக்கிவிட்டேன்.

ரோட் மார்ஃப் ஜி-யின் அமைப்பே வேறு. பார்க்கக் கைப்பம்பு மாதிரி, 35 சென்டிமீட்டர் நீளம். ஆனால் அதிலிருந்து வளையும் ரப்பர் குழாய் ஒன்று வெளியே வருகிறது. கீழே ஒரு சின்னக் கம்பி மடக்கி வைத்திருக்கிறது, விரித்தால் காலால் மிதித்துக்கொள்ளலாம். கைப்பிடியைத் திருப்பினால் வீட்டில் வைத்திருக்கும் தரை பம்பு மாதிரி குறுக்காக நிற்கும். குழாயின் தலையை வால்வில் மாட்டிவிட்டுப் பம்பைத் தரையில் நிறுத்தி, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் வைத்து உடம்பு பாரத்தால் அழுத்த வேண்டியதுதான். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. குழாய் வளைந்து கொடுப்பதால் வால்வு அசைவதில்லை. சக்கரம் தாழ்வாக இருப்பது சைக்கிள்காரருக்கு ஒரு பொருட்டில்லை, நமக்கு அது நன்மை: வால்வு தரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் குழாய் இழுபடாமல் எட்டுகிறது. இதற்காகக் காற்றடிக்கும் நேரத்தில் வண்டியை மறுபடி மூன்று சக்கரத்திலும் நிமிர்த்திவிடுவேன்.

160 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) வரை அடிக்கலாம் என்று சொல்கிறார்கள். ட்ரைக் டயருக்கு அது தேவையே இல்லை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கிற அளவுதான் நமக்குக் கணக்கு. குழாயிலேயே சின்ன காற்றளவு மானி இருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். டயரைக் கையால் அமுக்கிப் பார்த்து "போதும்" என்று நினைப்பது ட்ரைக்கில் சரிவராது. இடது முன்சக்கரத்துக்கும் வலது முன்சக்கரத்துக்கும் காற்று வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மானியைப் பார்த்து இரண்டையும் சமமாக்கிவிடலாம்.

ஒரு நாள் பாதையோர நிழல் கொட்டகையில் இந்த வேலையெல்லாம் முடித்து, "வந்துடுறேங்க, வெறும் பஞ்சர்தான்" என்று வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் ரேஸ் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆன்ட்டி, நீங்க தமிழா?"

"ஆமாப்பா. நீயும் முள்ளுல ஏத்திட்டியா?"

"ரெண்டு கேஸ் கார்ட்ரிட்ஜ் வச்சிருந்தேன் ஆன்ட்டி, ரெண்டும் காலி. உங்க பம்பு என் வால்வுக்குச் சேருமா?"

சேர்ந்தது. என் ட்யூபிலும் அவன் ட்யூபிலும் இருப்பது பிரெஸ்டா என்ற ஒல்லியான வகை வால்வு. கார், பைக்கில் இருக்கும் ஷ்ரேடர் வால்வுக்கும் இந்தப் பம்பு ஆகும், ஆனால் தலை எந்த வால்வுக்கு அமைந்திருக்கிறது என்று வீட்டிலேயே ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கேஸ் கார்ட்ரிட்ஜ், அதாவது டயரை நிரப்பும் சின்ன கேஸ் குப்பி, வேகமானதுதான். ஆனால் ஒரு கார்ட்ரிட்ஜ் ஒரு டயருக்குத்தான், அடுத்த பஞ்சருக்குக் கையில் ஒன்றும் இருக்காது. மூன்று தடத்தில் ஓடுகிறவருக்கு அது போதாது. ஜூன் மாதம் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும், பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது ஆபத்து. பம்பு என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்.

குறை என்றால் நீளமும் எடையும். சட்டைப் பையில் போகாது. கூடவே தரும் பிடியை சைக்கிள் சட்டத்தில் மாட்டலாம். என் ட்ரைக்கின் நடுக்குழாய் தடிமனானது என்பதால் நாற்காலிக்குப் பின்னால் உள்ள பையில் சாய்த்து வைத்திருக்கிறேன். ட்ரைக்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. எடை பார்த்துப் பார்த்துச் சேர்க்கிற ரேஸ் சைக்கிள்காரர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

பம்பை எடுக்கும் தேவையே குறைய வேண்டுமென்றால் டயரைப் பார்க்க வேண்டும். நான் போட்டிருப்பது ஷ்வால்பே மாரத்தான் பிளஸ், 47-406 அளவு (47 மில்லிமீட்டர் அகலம், 406 மில்லிமீட்டர் ரிம் விட்டம்). தரையைத் தொடும் பரப்புக்கு அடியில் 5 மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். நெருஞ்சி முள் பெரும்பாலும் அந்த அடுக்கிலேயே நின்றுவிடுகிறது, ட்யூப் வரை எட்டுவதில்லை. கனமான டயர், விறைப்பான டயர். சின்ன ரிம்மில் ஏற்றுவதற்கு நல்ல லீவர் வேண்டும், டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிவிட்டுக் கடைசிப் பகுதியை ஏற்ற வேண்டும். வேகம் கொஞ்சம் குறையும். எனக்கு வேகம் வேண்டாம், வீடு வந்து சேர வேண்டும்.

எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் முன்சக்கர அலைன்மென்ட் (இரண்டு முன்சக்கரமும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்பது) சரியில்லை என்றால் பணம் வீண். ட்ரைக் பராமரிப்பில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதைத்தான். என் ட்ரைக்கை ஒரு கடையில் பூட்டிக் கொடுத்தபோது அலைன்மென்ட் பார்க்காமலே கொடுத்துவிட்டார்கள். முதல் ஜோடி முன்டயர்கள் சில நூறு மைலிலேயே வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. தேய்ந்த டயரில் முள் நேராக ட்யூபுக்குப் போகும். அந்தக் காலத்தில் எனக்கு ஏன் அத்தனை பஞ்சர் என்று பிறகுதான் விளங்கியது.

இதை வீட்டிலேயே அளக்கலாம், ஒரு அளவுநாடா போதும். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, ஒருவர் நாற்காலியில் உட்கார வேண்டும், பாரம் ஏறும்போது அளவு மாறும். இரண்டு முன்டயரிலும் முன்பக்கம், அச்சு உயரத்தில், சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி அளவெடுங்கள். பிறகு வண்டியை உருட்டி அதே புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளவெடுங்கள். சட்டம் குறுக்கே வந்தால் இரண்டு அளவையும் கொஞ்சம் தாழ்த்தி எடுக்கலாம், உயரம் ஒன்றாக இருந்தால் சரி. அதே புள்ளியை வைத்து அளப்பதால் ரிம்மில் கோணல் இருந்தாலும் கணக்கில் பிழை வராது. முன்பக்க அளவு பின்பக்கத்துக்குச் சமமாகவோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்க வேண்டும். முன்பக்கம் அகன்றிருக்கவே கூடாது. திருத்துவதற்குப் பெரும்பாலான ட்ரைக்குகளில் முன்சக்கரங்களைத் திருப்பும் டை ராட் என்ற கம்பி இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். லாக் நட்டுகளைத் தளர்த்திவிட்டு ராடைத் திருகினால் நீளம் கூடும், குறையும். இரண்டு ராடு இருந்தால் இரண்டையும் ஒரே அளவு திருகுங்கள், இல்லாவிட்டால் கைப்பிடி ஒரு பக்கம் கோணிவிடும். முடித்ததும் லாக் நட்டை இறுக்கி, மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள்.

பின்சக்கரம் பஞ்சரானால் கழற்றித்தான் ஆக வேண்டும். செயினை மிகச் சின்ன பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு, வண்டியைச் செயின் இல்லாத பக்கம் சாய்த்துக் கழற்றினால் கியர் அடிபடாது. செயின் சாதாரண சைக்கிளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம். அறுந்தால் இணைக்க, உங்கள் கியர் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி இரண்டு, செயின் ஊசி தள்ளும் கருவி ஒன்று பையில் இருந்தால் போதும். செயின் போகும் பிளாஸ்டிக் குழாய்களுக்குள் எண்ணெய் விடாதீர்கள், இந்த ஊர்த் தூசி எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

பையில் இவை தவிர, ஒட்டுத்துண்டு, உப்புத்தாள், பிரிக்காத சொல்யூஷன் ட்யூப் ஒன்று. திறந்த சொல்யூஷன் இந்த வெயிலில் அடுத்த பஞ்சருக்குள் காய்ந்துவிடும். மாற்று ட்யூப் இரண்டு.

ட்யூப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 20 அங்குலம் என்று எழுதியிருப்பதில் 406, 451 என்று இரண்டு அளவு இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. டயரில் 406 என்று இருந்தால் அதற்கான ட்யூபைத்தான் வாங்க வேண்டும். டெர்ராட்ரைக் ரோவர் என்ற ட்ரைக்கில் இருப்பது மாதிரி மூன்று சக்கரமும் 20 அங்குலமாக இருந்தால் ஒரே வகை ட்யூப் எல்லாவற்றுக்கும் ஆகும். கேட்ரைக் எக்ஸ்பெடிஷன் மாதிரி பின்னால் 26 அங்குலம் என்றால் அதற்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.