கோணேசபுரி வளாகமா, ஏ.ரி.ஐ எச்.என்.டி.ஏயா?

உயர்தரத்தில் வர்த்தகம் செய்த திருகோணமலைப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. வளாகம் என்பது கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம்; அங்கே வணிக முகாமைத்துவப் பட்டம். ஏ.ரி.ஐ என்பது உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம்; எச்.என்.டி.ஏ அங்கே படிக்கும் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா. இரண்டும் அரசாங்கத்தவை.

நுழைவு: வளாகத்துக்கு இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் தரப்படுத்திய புள்ளி. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அதில் சேர்த்தி. எச்.என்.டி.ஏக்கு விளம்பரம் பார்த்துத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். பல்கலைக்கழக முடிவுக்காகக் காத்திருந்து இதைத் தவறவிடுவோர்தான் அதிகம்.

செலவு: வளாகத்தில் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஏ.ரி.ஐயில் முழுநேரமென்றால் இல்லை, பகுதிநேரமென்றால் உண்டு.

பாடம்: வளாகத்தில் சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று பரந்து போகும். எச்.என்.டி.ஏயில் கணக்கு, வரி, கணக்காய்வு. ஐந்தொகையின் (சொத்து, பொறுப்புக் கணக்கு) இரு பக்கமும் சமப்படாவிட்டால் தூக்கம் வராதவருக்கு இதுவே தோது.

மொழி: இரண்டும் ஆங்கிலம். அடிவிழுவது இங்கேதான். பெறுமானத் தேய்வைக் கண்ணை மூடிக்கொண்டு கணிப்பவர், வினாத்தாளில் அதையே ஆங்கிலத்தில் ‘டெப்ரிசியேஷன்’ என்றதும் நின்றுவிடுவார். உயர்தர முடிவு வரும்வரையுள்ள மாதங்களில் கணக்கீட்டுச் சொற்களை இரு மொழியிலும் கொப்பியில் எழுதிப் பழகுங்கள்.

முதுமாணி, விரிவுரையாளர் வேலை என்று எண்ணமிருந்தால் வளாகம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கவேண்டுமென்றால் பகுதிநேர எச்.என்.டி.ஏ.